கிறிஸ்துமஸ் ஸ்டாரை வீட்டிலேயே செஞ்சா காசு மிச்சமாகுமா? ஆகாது. ஆனாலும் செய்ங்க!

டிசம்பர் பிறந்தாச்சு. நம்ம சேனல்ல இந்த மாசம் முழுக்க டேக்ஸ் சேவிங், பழைய ரெஜிம் புது ரெஜிம்னுதான் பேசிட்டு இருக்கோம். நடுவுல ஒரு பதிவு மட்டும் வேற மாதிரி. ஆனா இதுவும் காசு சம்பந்தப்பட்டதுதான், பயப்படாதீங்க.

வீட்டுல சின்னப் பசங்க இருக்கிறவங்களுக்கு இந்த மாசம் ஒரு யோசனை வரும். "கடையில எதுக்கு இவ்வளவு கொடுக்கணும், நாமளே பசங்களோட உட்கார்ந்து கிறிஸ்துமஸ் அலங்காரம் செஞ்சிடலாமே, காசும் மிச்சம்" அப்படின்னு. செலவைக் குறைக்கிறது எப்படின்னு பேசுற வீடியோக்கள்லயும் இது ஒரு டிப்ஸா வந்துடுது. நானே முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கேன். இப்ப அதைத் திருத்திக்கிறேன். காசு மிச்சமாகாது. அந்தக் காரணத்துக்காக இறங்கினீங்கன்னா இரண்டாவது ஞாயித்துக்கிழமையே விட்டுடுவீங்க.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். நான் சிதம்பரத்துக்காரன், என் மனைவிக்குக் கடலூர். அவங்க வீட்டுல கிறிஸ்தவங்க, எங்க வீட்டுல மார்கழி முழுக்கக் கோலம் போடுறவங்க. எங்க பாப்பாவுக்கு ஏழு வயசு. மனைவிக்கு வேலை கடலூர்ல, எனக்குச் சென்னையில. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, பாண்டிச்சேரி வழியா கடலூர்ல இறங்கினா பாப்பா தூங்கியிருப்பா. ஞாயிறு ராத்திரி திரும்பக் கிளம்பணும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ முழிச்சிருக்கிற நேரத்துல நான் வீட்டுல இருக்கிறது வாரத்துக்கு மிஞ்சிப் போனா இருபது மணி நேரம். அதுலயும் பாதி நேரம் கையில போன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர்ல இந்தக் குற்ற உணர்ச்சியைக் கிரெடிட் கார்டை வெச்சுச் சரிக்கட்டப் பார்த்தேன். சென்னையில ஒரு மால்ல ஆறடி உயரப் பிளாஸ்டிக் மரம், ஒரு பெட்டி நிறைய பளபளக்கிற உருண்டைகள், சீரியல் லைட், எல்லாருக்கும் டிரெஸ். மொத்தம் 14,800 ரூபாய். ஜனவரி பில் வந்தப்ப, "இந்த மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கலாம்"னு விட்டேன். பிப்ரவரியிலும் அதேதான்.

உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான், ஆனாலும் சொல்றேன். மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா 14,800-க்கு 518 ரூபாய். அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, மாசம் 611 ரூபாய் சும்மா போகுது. இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கு அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத காலம் கிடைக்காது. மளிகை, பெட்ரோல்னு எது ஸ்வைப் பண்ணினாலும் அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். ஏப்ரல்ல அரியர்ஸ் வந்து அடைச்சு முடிக்கிறப்ப கூடுதலா 2,900 ரூபாய் கட்டியிருந்தேன்.

அது போகட்டும். நடுவுல பிப்ரவரியில அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அட்வான்ஸ் 20,000 கட்டணும். கம்பெனி இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்காம விட்டிருந்தேன், அது என் தப்பு. கார்டுலயும் இடமில்லை, கையிலயும் இல்லை. கடைசியில மச்சான்கிட்டக் கேட்டு வாங்கினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அவர் ஜிபே பண்ணினப்ப, ஹால் மூலையில மடிக்காம நின்னுட்டு இருந்த அந்தப் பிளாஸ்டிக் மரத்தைப் பார்த்தேன் பாருங்க, அந்த நிமிஷம் இன்னும் எனக்கு மறக்கலை.

சரி, கணக்குக்கு வருவோம்

அடுத்த வருஷத்துலருந்து வீட்டுலயே செய்யறோம். இந்த வருஷம் இதுவரைக்கும் வாங்கின சாமான் இவ்வளவுதான்: கலர் பேப்பர் 60, மைதா 30, வெந்தயம் 15, போஸ்டர் கலர் 120, நூல் 25, பிரஷ் 40. ஆக மொத்தம் 290 ரூபாய். போன வாரம் கடையில விசாரிச்சேன். 24 உருண்டை இருக்கிற பெட்டி 450, ரெடிமேட் ஸ்டார் 350, ஜிகினா மாலை 200. ஆயிரம் ரூபாய். அப்ப 710 ரூபாய் லாபம்தானேன்னு நினைப்பீங்க.

இங்கதான் நம்ம ஃபைனான்ஸ் ஆளுங்க மூக்கை நுழைப்பாங்க. கையில 45,000 சம்பளம் வாங்குறவர், மாசம் 22 நாள், தினம் 9 மணி நேரம் வேலை பார்த்தா ஒரு மணி நேரத்துக்கு 227 ரூபாய் ஆகுது. நீங்க ஸ்டாருக்கும் உருண்டைக்கும் பத்து மணி நேரம் செலவு பண்ணினா 2,270 ரூபாய். சாமான் 290 சேர்த்தா 2,560. கடையில ஆயிரம். "1,560 ரூபாய் நஷ்டம், பேசாம வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிடுவாங்க.

கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். தப்பு எங்க இருக்குன்னா, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு உங்க நேரத்தை மணிக்கு 227 ரூபாய்க்கு யாரும் வாங்கப் போறதில்லை. அந்த ரெண்டு மணி நேரத்தை ஸ்டார் ஒட்டாம வெச்சிருந்தா ஆபீஸ் உங்களுக்குப் பணம் போடாது. நீங்க ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. நானும்தான். விற்க முடியாத நேரத்துக்கு விலை ஒட்டுறது கணக்கு இல்லை. இதே ஆளுங்க யாராவது எங்க அம்மாகிட்ட வந்து, "மார்கழியில நாலரை மணிக்கு எழுந்து முக்கால் மணி நேரம் கோலம் போடுறீங்களே, பத்து மணிக்குள்ள வண்டி ஏறி அழிஞ்சிடுதே, ரிட்டர்ன் என்ன?"ன்னு கேட்டுப் பார்க்கட்டும். சிதம்பரத்துல எங்க தெரு முழுக்க அடி வாங்க வேண்டியிருக்கும்.

ஆனா ஒரு விஷயத்துல அவங்க சொல்றது சரி. செலவு பக்கம் இதைக் கொண்டுபோய் "சேமிப்பு"ன்னு எழுதாதீங்க. 710 ரூபாய் உங்க வாழ்க்கையை மாத்தாது. இதை எழுத வேண்டிய பக்கம் வேற.

மாமாவோட மூங்கில் சட்டம்

கடலூர்ல என் மாமனார், அவரை நான் மாமான்னுதான் கூப்பிடுவேன், பேப்பர் ஸ்டார் செய்யறதுல கெட்டிக்காரர். செய்முறை சுலபம். ஒரே நீளத்துல பத்து மூங்கில் குச்சி. அஞ்சஞ்சு குச்சியா ரெண்டு நட்சத்திரம் கட்டணும். ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு அஞ்சு முனையையும் சேர்த்துக் கட்டிடணும். அப்புறம் உள்பக்கம் குச்சிகள் குறுக்கே வெட்டிக்கிற அஞ்சு இடத்துலயும் சின்னதா ஒவ்வொரு முட்டுக்குச்சி கொடுத்தா நட்சத்திரம் உப்பிக்கிட்டு நிக்கும். அதுக்கு மேல கலர் பேப்பரை மைதாப் பசையில ஒட்டி, உள்ள ஒரு பல்பு.

அவர் சட்டத்தை வருஷாவருஷம் செய்யறதில்லை. இப்ப இருக்கிற சட்டம் 2012-ல செஞ்சது. அதுக்கு முந்தினது தானே புயல்ல போயிடுச்சு. 2011 டிசம்பர் 30, கிறிஸ்துமஸ் முடிஞ்ச அஞ்சாம் நாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்ச புயல்ல ஒரு பேப்பர் ஸ்டார் எம்மாத்திரம். 2012-லருந்து அதே மூங்கில், ஒவ்வொரு டிசம்பரும் புதுப் பேப்பர் மட்டும். மூங்கில்தான் முதலீடு, பேப்பர் வருஷச் செலவு. நம்ம பாஷையில சொன்னா கேப்பெக்ஸ், ஓபெக்ஸ். இதை மாமாகிட்டச் சொன்னேன். "பசையை அள்ளித் தடவாதே, பேப்பர் கிழியும்"னு மட்டும் சொன்னார்.

கரண்ட் செலவைப் பத்திக் கேட்கிறவங்களுக்கு: 9 வாட் எல்இடி பல்பு, தினம் ஆறு மணி நேரம், 25 நாள். ஒண்ணேகால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. இதுக்குப் போய்க் கவலைப்படாதீங்க.

அந்த வீட்டுல 26-ம் தேதி ராத்திரி மட்டும் ஸ்டார் எரியாது. 2004-ல அந்தத் தேதி ஒரு ஞாயித்துக்கிழமை. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600-க்கும் மேற்பட்டவங்க போயிட்டாங்க. தேவனாம்பட்டினத்துல அத்தைக்குத் தெரிஞ்ச குடும்பங்கள் இருந்தாங்க. பாப்பா முதல் தடவை "ஏன் இன்னைக்கு லைட் போடலை"ன்னு கேட்டப்ப அத்தை அவளை மடியில உட்கார வெச்சுச் சொன்னாங்க. கடையில வாங்கின சீரியல் லைட்டுக்கு இப்படி ஒரு பழக்கம் வந்திருக்குமான்னு எனக்குத் தெரியலை.

உலகத்துலயும் இந்த ரெண்டு வழியும் இருந்திருக்கு. மொரேவியன் ஸ்டார்னு நிறைய முனைகள் இருக்கிற பேப்பர் நட்சத்திரம் ஒண்ணு உண்டு. 1830-கள்ல ஜெர்மனியில நீஸ்கிங்கிற ஊர்ல மொரேவிய சபைப் பள்ளிக்கூடத்துல, பசங்களுக்கு வடிவக்கணிதம் சொல்லித்தர ஆரம்பிச்சது அது. அதே மொரேவியர்கள் 1760-லயே நம்ம தரங்கம்பாடிக்கு வந்தவங்க. ஆனா ஸ்டார் பிறந்தது அவங்க இங்கிருந்து போன பிறகு. இன்னொரு பக்கம் பளபளக்கிற கண்ணாடி உருண்டை. அதுவும் ஜெர்மனியில லௌஷாங்கிற ஊர்ல குடும்பம் குடும்பமா வீட்டுல ஊதிச் செஞ்ச பொருள்தான். 1880-கள்ல அமெரிக்காவுல வூல்வொர்த் அதை இறக்குமதி பண்ணித் தன் கடைகள்ல மலிவா வித்தார், சந்தை பெருசாச்சு. இன்னைக்கு நம்ம கடைக்கு வர்ற பிளாஸ்டிக் உருண்டைகள் பெரும்பாலும் சீனச் சரக்கு. யாரோ ஒருத்தர் வீட்டுத் திண்ணையில ஆரம்பிச்சது நம்ம கார்டு பில்லுல வந்து முடியுது.

எது தேறும், எது தேறாது

முதல் வருஷம் நாங்க யூடியூப் பார்த்து உப்பு மாவு செஞ்சோம். ரெண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணி. பிசைஞ்சு வட்டம், இதயம்னு வெட்டி ஓட்டை போட்டுக் காய வெச்சு மாட்டுறது. வெளிநாட்டு வீடியோவுல அழகா இருக்கும். கடலூர் டிசம்பர் மழையில நாலாம் நாள் ஈரம் கோத்து நசநசன்னு ஆகி, ஒரு வாரத்துல பூஞ்சை பிடிச்சுது. மிச்சத்தை எலி பார்த்துக்கிச்சு. பாப்பா அழுதா.

அதைக் கேள்விப்பட்டு எங்க அம்மா சிரிச்சாங்க. பாப்பா அவங்களை ஆயான்னு கூப்பிடுவா. "பழைய பேப்பரை ஊற வெச்சு வெந்தயம் போட்டு அரைடி"ன்னாங்க. ஞாபகம் இருக்கா, அந்தக் காலத்துல காகிதக் கூழும் வெந்தயமும் அரைச்சுக் கூடை செய்வாங்களே, முறத்து ஓட்டையை அடைப்பாங்களே, அதேதான். பேப்பரை ரெண்டு நாள் ஊற வெச்சு, ஊறின வெந்தயத்தோட கிரைண்டர்ல ஓட்டினா மாவு மாதிரி வரும். உருண்டை பிடிச்சு, நூலை உள்ள வெச்சு வெயில் அடிக்கிற நாள்ல காயப் போடுங்க. மழை வந்தா ஃபேன் காத்துல. காஞ்சா கல்லு மாதிரி இருக்கும், பூச்சி அண்டாது. ரெண்டு வருஷத்துக்கு முந்தின உருண்டை இன்னும் எங்ககிட்ட இருக்கு. பெட்டியைத் திறந்தா லேசா வெந்தய வாசனை வரும். பாண்டிச்சேரிப் பக்கம் திருக்கனூர்ல இந்தக் காகிதக் கூழ்ல பொம்மை செய்யறவங்க இருக்காங்க, புவிசார் குறியீடே வாங்கின தொழில். ஆயா சொன்னதைச் சாதாரணமா நினைக்காதீங்க.

இன்னொண்ணு, பழைய கல்யாணப் பத்திரிகை. வீட்டுல கட்டுக்கட்டா கிடக்கும். கனமான அட்டை, தங்க ஓரம், கடையில இந்த அட்டை வாங்கினா விலை ஜாஸ்தி. நட்சத்திரமா வெட்டினா பிரமாதமா இருக்கும். என்ன, எங்க வீட்டு மரத்துல ஒரு ஸ்டாரைத் திருப்பினா பின்னாடி பிள்ளையார் இருப்பார். அத்தை அதைத்தான் முன்பக்கம் மாட்டச் சொன்னாங்க.

கடற்கரைப் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சவுக்குக் காய். தோப்புல கீழே கொட்டிக் கிடக்கும், சின்னதா அப்படியே பைன் காய் மாதிரி. வெள்ளைக் கலரை நுனியில தொட்டு வெச்சாப் போதும். சவுக்குக் கிளையே எங்க வீட்டு மரமும்கூட. மண்ணு போட்ட பெயின்ட் டப்பாவுல நட்டுடுவோம். ஆனா முந்திரிக் கொட்டை ஓடு பார்க்க அழகா இருக்குன்னு பசங்க கையில கொடுத்துடாதீங்க. அந்த ஓட்டு எண்ணெய் பட்டா தோல் வெந்து கொப்பளிச்சுடும். பண்ருட்டிப் பக்கத்து ஆளுங்களுக்கு இது சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்குச் சொல்றேன்.

செலவு எங்க எகிறும் தெரியுமா? "நாமளே செய்வோம்"னு முடிவு பண்ணின அன்னைக்கு ராத்திரி. ஆன்லைன்ல கிட் 799, குளூ கன் 350, ஆறு கலர் ஜிகினாத்தூள், வடிவம் வெட்டுற பஞ்ச் நாலு. கார்ட்டுல 2,000 தாண்டிடும். வீட்டுல செய்யறதோட பேர்ல நடக்கிற ஷாப்பிங் இது. வீட்டுல இருக்கிற கத்தரிக்கோலால முடியாத எதையும் முதல் வருஷம் செய்யாதீங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதை எழுதினா "ப்ரோ, இதையே செஞ்சு வித்தா சைடு இன்கம் ஆகுமா?"ன்னு கேட்பீங்க. எனக்குத் தெரியும், நானும் அப்படி யோசிச்ச ஆள்தான். தொழிலா செய்யறவங்க செய்யட்டும், அவங்ககிட்ட வாங்கவும் வாங்குவோம். ஆனா உங்க ஏழு வயசுக் குழந்தையோட ஞாயித்துக்கிழமையை ஆர்டர் புக்கா மாத்தாதீங்க. விக்கிறதுன்னு வந்துட்டா அவ ஒட்டின கோணல் வாலை நீங்க நேராக்கிடுவீங்க. அங்கேயே போச்சு.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. 2012-ல மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி மூணு பேரும் ஐகியா எஃபெக்ட்னு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. தானே மடிச்ச காகிதக் கொக்கு கோணல்மாணலா இருந்தாலும், தேர்ந்தவங்க மடிச்சதுக்கு ஈடா ஜனங்க அதுக்கு மதிப்புக் கொடுத்தாங்களாம். முக்கியமான பகுதி அதுக்கு அப்புறம்தான்: வேலையை முடிக்காம விட்டாலோ, செஞ்சதைக் கலைச்சுட்டாலோ அந்த மதிப்பு வரலை. அதனால சின்ன வேலையா கொடுங்க, முடிக்க விடுங்க. நீங்க பிடுங்கிச் சரி பண்ணாதீங்க. இதை நான் தாமதமாத்தான் கத்துக்கிட்டேன்.

வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. கொலு வைக்கிற வீடுகள்ல ஒரு வழக்கம் உண்டு, வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்கணும். எங்க அம்மாவோட பண்ருட்டிப் பொம்மைகள் எல்லாம் அப்படிச் சேர்ந்ததுதான். பழைய வேட்டியில சுத்தி டிரங்குப் பெட்டியில தூங்குது, சிலது என் வயசு. அதையே கிறிஸ்துமஸுக்கும் எடுத்துக்கிட்டோம். வருஷத்துக்கு ஒரே ஒரு பொருள் வாங்குவோம். போன வருஷம் குடிலுக்கு ஒரு களிமண் ஒட்டகம். மதுரைப் பக்கம் விளாச்சேரியில கொலுப் பொம்மையும் செய்யறாங்க, குடில் பொம்மையும் செய்யறாங்க, அதே கைகள்தான். இந்த வருஷம் ஆடா மேய்ப்பரான்னு இன்னும் வீட்டுல பஞ்சாயத்து முடியலை.

டிரெஸ், கேக், பஸ் டிக்கெட், யாருக்காவது கொடுக்கிறது எல்லாம் சேர்த்து எங்களுக்குக் கிறிஸ்துமஸ் செலவு 6,000. ஜனவரியிலருந்து மாசம் 500 ரூபாய் ஆர்டி. டிசம்பர்ல உடைச்சுச் செலவு பண்ணிடுவோம். கார்டு வெளிய வராது. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு யாராவது ஆசை காட்டினா, ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல சொல்லிடுச்சுன்னு ஞாபகம் வெச்சுக்குங்க. பிராசஸிங் ஃபீஸ்லயோ, கிடைக்க வேண்டிய தள்ளுபடியிலயோ எங்கேயாவது அது ஒளிஞ்சிருக்கும்.

அந்த 14,800-ல வந்த பளபள உருண்டைகள்ல பாதி, மேல் பூச்சு உரிஞ்சு வெள்ளையா நிக்குது. தூக்கிப் போடலாம்னு எடுத்தேன். பாப்பா தடுத்துட்டா. உரிஞ்ச உருண்டை மேல கூழைப் பூசினா பெரிய உருண்டை சீக்கிரமா ரெடியாகும்னு அவளுக்கு ஒரு திட்டம் இருக்கு. இந்த ஞாயிறு அதைத்தான் செய்யப் போறோம். பேப்பர் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஊறப் போடணுமாம், போன்ல ரெண்டு தடவை ஞாபகப்படுத்திட்டா. சிவப்புக் கலர் பேப்பர் தீர்ந்துபோச்சு, திருப்பாதிரிப்புலியூர்ல இறங்குறப்ப கடை திறந்திருக்காது. அதனால இங்க சென்னையிலேயே வாங்கிட்டுப் போகணும், பத்து ரூபாய்.